குப்புறக் கிடந்த பெயர்கள்

வீடு நின்றுகொண்டிருந்தது. அதுவே பெரிய அதிசயம்.

தெருவின் இரண்டு பக்கமும் அரைச் சுவரும் கால் சுவருமாகத்தான் மிஞ்சியிருந்தது. சன்னல்கள் இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. சண்டை ஓய்ந்தது, ஊர் திரும்பலாம் என்று அறிவிப்பு வந்ததும் முதல் லாரியிலேயே தொற்றிக்கொண்டு வந்த பஸ் டிரைவரும் அவர் மனைவியும், தையல் மெஷினையும் ஒரு தகரப் பெட்டியையும் இறக்கி வைத்துவிட்டு, சொந்த வீட்டு வாசலில் விருந்தாளிகளைப்போலத் தயங்கி நின்றார்கள்.

"நிக்குதுங்க," என்றாள் அவள், மெல்ல. சத்தமாகச் சொன்னால் விழுந்துவிடுமோ என்ற பயம் அந்தக் குரலில்.

கதவு, அலமாரி ஒன்றும் இல்லை. படைக்காரர்கள் விறகுக்குக் கழற்றியிருந்தார்கள். அதிகாரிகளுக்குச் சமைத்துப்போடும் இடமாக இந்த வீட்டை வைத்திருந்தார்கள் என்பது சுவரில் ஏறியிருந்த கரியைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் சமையல்கட்டுக்குள் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். பழைய சிமெண்டுத் தரையைக் காணோம். சுவரிலிருந்து சுவர்வரை கருங்கல் பாவியிருந்தது. சின்னதும் பெரியதுமாகக் கற்கள், இடைவெளி தெரியாமல் இறுக்கிப் போட்டிருந்தார்கள். பின்வாசலைத் தாண்டி, தண்ணீர்க்குழாய்வரை போயிருந்தது அந்தக் கல்தரை.

எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "உனக்கு யோகம்தான் போ. என் வீட்டுக் கூரையப் பிடுங்கிட்டுப் போனவன் உன் வீட்டுக்குத் தரை போட்டுட்டுப் போயிருக்கான்."

அவர்களும் சிரித்தார்கள். சிரிக்கக் கிடைத்ததை விடுகிற நிலையில் யாரும் இல்லை.

மறுநாள் காலையில் முதல் வேலையாக இருவரும் ஊர் எல்லையிலிருந்த கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள்.

அந்த ஊருக்கு வயது என்ன என்று யாராவது கேட்டால், அங்கேதான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்கள். நூற்றாண்டுகளாக ஊர் தன் மனிதர்களை அங்கேதான் படுக்க வைத்தது. ஆள் உயரக் கற்கள். இன்று யாரும் எழுதாத பழைய எழுத்துகள். கப்பல்காரனுக்குக் கப்பல், வியாபாரிக்குத் தராசு, பிள்ளை பெற்றபோது செத்தவளுக்கு ஒரு தொட்டில் என்று கல்லிலேயே கொத்தியிருப்பார்கள். வெளியூரிலிருந்து வந்து நாள் கணக்கில் உட்கார்ந்து வரைந்துகொண்டு போனவர்கள் உண்டு. அந்தத் தோட்டத்தின் கிழக்கு ஓரத்தில்தான் இவர்களின் ஒரே மகளும் கிடந்தாள்.

ஊருக்கு வெளியே போகிற பாதையெல்லாம் அடைபட்டிருந்த மாதத்தில் வந்த காய்ச்சல். ஆஸ்பத்திரி அந்தப் பக்கம், பிள்ளை இந்தப் பக்கம். பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வயது. தவழும்போதே கையில் எதையாவது தூக்கிக்கொண்டே திரிந்ததால் வீட்டில் அவளுக்கு 'எறும்பு' என்றே பேராகிவிட்டது. கல் கொத்துகிறவர், "பூ போடவா, புறா போடவா?" என்று கேட்டதற்கு, டிரைவர் "எறும்பு போடுங்க" என்றார். "என் ஆயுசுல கல்லுல எறும்பு கொத்தினதில்லயே தம்பி," என்று சொல்லிவிட்டு, அவர் கண்ணைத் துடைத்துத் துடைத்துக் கொத்தினார். ஆறு காலும் இரண்டு மீசையுமாக ஒரு கட்டெறும்பு. கீழே பெயர்.

இப்போது அங்கே ஒன்றும் இல்லை.

மரங்கள் இல்லை. மதில் இல்லை. ஒரு கல் இல்லை, கல்லின் துண்டுகூட இல்லை. விமானம் இறங்குகிற மைதானம்போல மட்டமாகச் சரளை அடித்துப் பரப்பியிருந்தது. உடைத்து எங்கேயோ கொட்டிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார் டிரைவர்.

அவள் அழவில்லை. நாலாபக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "நாம இப்ப எங்கங்க நிக்கிறோம்?" என்று கேட்டாள். யார்மேல் நிற்கிறோம் என்றுதான் கேட்கிறாள் என்பது அவருக்குப் புரிந்தது.

சமையல்கட்டில் முதலில் அதைக் கவனித்தவள் அவள்தான்.

"நடந்தா சத்தம் ரெண்டா கேக்குதுங்க," என்றாள் ஒருநாள்.

"கல்லுத் தரைன்னா எதிரொலிக்கும்."

"எதிரொலி பின்னாடிதானே வரும்? இது கூடவே வருது. நான் கால வைக்கிற எடத்துல, கீழேருந்து இன்னொரு கால் வந்து முட்டுற மாதிரி."

அவர் சிரித்து மழுப்பினார். ஆனால் அடுத்த நாள் விடிகாலையில், வெறுங்காலோடு தண்ணீர் குடிக்கப் போனவர் நடுத்தரையில் நின்றுவிட்டார்.

உள்ளங்காலுக்கு அடியில் இன்னொரு உள்ளங்கால்.

இடையில் கல். கல் குளிர்ந்திருந்தது. ஆனால் கீழேயிருந்து ஏதோ ஒன்று, தூங்குகிறவர் காலை இழுத்துக்கொள்வதுபோல, மெதுவாக விலகியது. தண்ணீர் குடிக்காமலே வெளியே வந்துவிட்டார்.

அந்த வாரம் பஸ் போக்குவரத்து மறுபடி தொடங்கியது. பழைய வேலை, பழைய பாதை. மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவள் சமையல்கட்டிலேயே இருந்தாள். கூடத்தில் வெளிச்சம் நன்றாக இருந்தும் தையல் மெஷினை அங்கே இழுத்துப் போட்டுக்கொண்டாள். மகள் போனதிலிருந்து வறண்டு கிடந்த முகத்தில் லேசாக ஒரு மினுக்கம். அதைப் பார்க்க அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஒரு மத்தியானம் வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே அவள் குரல்.

"ம்... அப்புறம்? ... அவங்க என்ன சொன்னாங்க? ... நீ என்ன சொன்ன?"

பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையிடம் கதை கேட்கிற குரல்.

அவர் உள்ளே போனார். அவள் மட்டும்தான் இருந்தாள்.

"யார்கூட பேசிட்டிருந்த?"

"யாருமில்லயே," என்றாள், வெட்கப்பட்டவள்போல.

சமையல்கட்டு மூலையில் தண்ணீர் தேங்குகிறது என்று அவள் தம்பியை வரச் சொல்லியிருந்தார்கள். கொத்தனார். வாய் ஓயாத ஆள். "மாமா, பட்டாளத்துக்காரன் சண்டை போடக் கத்துக்கிட்டான், தண்ணி ஓட வாட்டம் பாக்கக் கத்துக்கலயே," என்று பேசிக்கொண்டே கடப்பாரையை மூலைக்கல்லின் இடுக்கில் விட்டு நெம்பினான். கல் புரண்டது.

அவன் பேச்சு நின்றது.

கல்லின் மறுபக்கம் முழுக்க எழுத்து. பழைய எழுத்து. குழிகளில் சேறு அப்பியிருந்தது. மேலே பாய் விரித்த ஒரு கப்பல். அவன் உள்ளங்கையால் சேற்றைத் துடைத்தான்.

"அக்கா... இது கல்லறைக் கல்லு."

மூவரும் தரையைப் பார்த்தார்கள். சுவரிலிருந்து சுவர்வரை.

எல்லாம் குப்புறக் கிடந்தன.

எங்கே காலை வைப்பது என்று தெரியாமல் மூன்று பேரும் அசையாமல் நின்றார்கள். சற்று முன்புவரை தரையாக இருந்தது இப்போது தரையாக இல்லை.

விஷயம் தெரிந்து அருங்காட்சியகத்திலிருந்து ஒரு அம்மாள் வந்தார். ஊரில் எல்லாரும் அவரை மேடம் என்றுதான் கூப்பிட்டார்கள். அருங்காட்சியகம் எரிந்துபோயிருந்தது, மேடம் மட்டும் மிச்சம். தெருத்தெருவாக அலைந்து கற்களைத் தேடிக்கொண்டிருந்தார். குரல் கட்டிப்போயிருந்தது.

"பட்டாள முகாமுக்குப் போற பாதையில கிடக்கு. பதுங்குகுழிச் சுவத்துல இருக்கு. பள்ளிக்கூடத்துப் படியில, கக்கூஸ்ல..." கையிலிருந்த நோட்டைப் புரட்டினார். "அளவுக்கு ஒத்து வராததை மெஷின் வச்சு அறுத்திருக்காங்க. கல்லுல பாதிப் பெயர், கால்வாசிப் பெயர்தான் கிடைக்குது."

கப்பல் கல்லின் முன் மண்டியிட்டு விரலால் தடவித் தடவிப் படித்தார். "கடல் இவனைத் திருப்பித் தரவில்லை. பெயரையாவது இந்த மண் வைத்துக்கொள்ளட்டும். தாய் நட்டது."

பிறகு எழுந்து புடவையில் ஒட்டிய சேற்றைத் தட்டிவிட்டார்.

"எல்லாத்தையும் எடுத்து, கல்லறைத் தோட்டம் இருந்த அந்த மைதானத்துலயே நட்டுடலாம்னு இருக்கோம். உங்க தரையையும் எடுக்கணும். புதுசா சிமெண்டு போட்டுத் தந்துடுவாங்க."

"முடியாது," என்றாள் டிரைவரின் மனைவி.

அடுப்பு மேடையை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். அந்த இடத்தை விட்டு அவள் நகரவே இல்லை. "ஒரு கல்லக்கூட எடுக்கக் கூடாது. எடுத்ததோட போங்க."

மேடம் தலையாட்டினார். கப்பல் கல்லை மட்டும் ஏற்றிக்கொண்டு போனார். தம்பி வாசல்வரை போய்த் திரும்பி அக்காவைப் பார்த்துவிட்டுப் போனான்.

"உனக்கு என்ன ஆச்சு?" டிரைவருக்கு ஆத்திரமாக வந்தது. "இழவு விழுந்த எடத்துலயா சோறாக்கித் தின்னப்போறோம்? ஊரு என்ன சொல்லும்?"

அவள் அவர் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். தான் நின்றிருந்த இடத்தைக் காட்டினாள். அடுப்பு மேடையை ஒட்டி ஒரு சின்னக் கல்.

"தொட்டுப் பாருங்க."

அடுப்பு அன்று பற்றவைக்கவே இல்லை. மழை ஈரத்தில் வீடே சில்லிட்டுக் கிடந்தது. அவர் உள்ளங்கையைக் கல்லின்மேல் வைத்தார்.

கொதித்தது.

நெருப்புச் சூடு இல்லை அது. வெயில் சூடும் இல்லை. அந்தச் சூட்டை அவருக்குத் தெரியும். ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டும் இறங்காத சூடு. விடிய விடியக் கை வைத்துப் பார்த்த நெற்றி.

கையை எடுக்க மனம் வரவில்லை. வைத்திருக்கவும் தாங்கவில்லை.

"நம்ம எறும்பு வந்துட்டா," என்றாள் அவள், காதோடு. "நாம தேடிப் போனோம், காணோம். அவ நமக்கு முன்னாடியே வந்து நம்ம வீட்டுல படுத்திருக்கா. இதப்போய்க் குடுக்கச் சொல்றீங்களா?"

அவர் சொல்லவில்லை. அன்றைக்கு அவர் பஸ்ஸுக்கே போகவில்லை. இருவரும் அந்தக் கல்லின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளை தூங்கும்போது உட்கார்ந்திருப்பதுபோல.

ஆனால் அங்கே பிள்ளை மட்டும் இல்லை.

கப்பல் கல்லைப் பெயர்த்த மூலையில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அதிலிருந்து ஒரு வாடை வரத் தொடங்கியது. நனைந்த மண், நசுங்கிய புல், எப்போதோ வைத்து அழுகிப்போன பூ. கழுவினாலும் போகவில்லை. அவள் அடுப்படியைவிட்டு நகர்வதைக் குறைத்துக்கொண்டாள். நடுத்தரையைக் கடக்கும்போது தோளை ஒடுக்கிக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி நடந்தாள். கூட்டத்துக்குள் புகுந்து போகிறவள்போல.

"நெறைய பேர் இருக்காங்க," என்றாள் ஒருமுறை.

ஒரு சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் டிரைவர் வீடு திரும்பினார். நல்ல மழை. மின்சாரம் போயிருந்தது. சமையல்கட்டின் இருட்டில் அவள் அடுப்பை ஒட்டி நிற்பது மங்கலாகத் தெரிந்தது. கூப்பிட்டார். திரும்பவில்லை. ஒரு காலை உள்ளே வைத்தார்.

வைக்க முடியவில்லை.

கூட்ட நேரத்தில் பஸ் படியில் கால் வைத்தால் உள்ளிருந்து ஒரு உடம்புச் சூடு முகத்தில் வந்து மோதுமே, அப்படி மோதியது. ஆனால் இது குளிர். எத்தனையோ பேருடைய குளிர். தோளோடு தோள் இடித்துக்கொண்டு, மூச்சுவிடாமல், அந்தச் சிறிய அறை நிறைய நின்றுகொண்டிருந்தார்கள். கண்ணுக்கு ஒருவரும் தெரியவில்லை.

பிறகு முணுமுணுப்பு கேட்டது.

முதலில் மழை என்றுதான் நினைத்தார். மழை இல்லை. குரல்கள். பாதி புரிகிற, பாதி புரியாத பழைய பேச்சு. ஒவ்வொரு குரலும் ஒரே ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னது. அடுத்தது வேறொரு சொல்லை.

பெயர்கள்.

ஒவ்வொருவரும் தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டிருந்தார்கள். விட்டால் மறந்துபோகும் என்பதுபோல. சில குரல்கள் பாதிப் பெயரோடு நின்றன; மறுபடி தொடங்கின; அதே இடத்தில் மறுபடி நின்றன.

அந்த முணுமுணுப்புகளுக்கெல்லாம் கீழே, தரை மட்டத்திலிருந்து, ஒரு சின்னக் குரல்.

"அம்மா."

அவள் உடம்பு விறைத்தது.

"அம்மா, மிதிக்காத. வலிக்குது."

அவள் ஒரு காலைத் தூக்கினாள். அது நின்றிருந்த இடத்தைக் குனிந்து பார்த்தாள். மறுகாலையும் எடுக்க வேண்டும். எடுத்தால் எங்கே வைப்பது? சுற்றிலும் யாரோ ஒருவரின் முதுகு. அப்படியே தாவி அடுப்பு மேடைமேல் ஏறி, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு வெடித்தது அழுகை. மகளைப் புதைத்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை.

"சூடா இருக்குன்னு... பக்கத்துல இருக்காளேன்னு... இத்தன நாளும் அவ மேலயே நின்னு சமைச்சேனே! என் கால வெட்டிப் போடுங்க!"

டிரைவர் வாசலில் முட்டிபோட்டு உட்கார்ந்தார். உள்ளே போகவும் துணியவில்லை, அவளை விட்டு வெளியே போகவும் துணியவில்லை. "வழி விடுங்க," என்று இருட்டைப் பார்த்துக் கும்பிட்டார். "உங்க எல்லாரையும் கொண்டுபோய் விட்டுடறேன். அவள மட்டும் வெளிய விடுங்க."

முணுமுணுப்பு அடங்கியது. குளிர் விலகி ஒரு ஆள் போகிற அளவுக்கு வழி விட்டது.

விடிந்ததும் தம்பியும் மேடமும் வந்தார்கள். ஒவ்வொரு கல்லாகப் புரட்டினார்கள். தராசு, தொட்டில், வீணை, பெயர், பாதிப் பெயர். கடைசியாக அடுப்படிக் கல். அதைக் கடப்பாரையால் தொட அவள் விடவில்லை. விரலாலேயே சுற்றிலும் மண்ணைத் தோண்டித் தானே தூக்கினாள்.

மேடையின் மூலைக்குப் பொருந்த வேண்டும் என்று கல்லைச் சாய்வாக அறுத்திருந்தார்கள். எறும்புக்கு மூன்று கால்தான் மிச்சம். பெயரில் முதல் எழுத்து மட்டும்.

கல் சில்லிட்டிருந்தது.

லாரி மைதானத்துக்குப் போனது. மற்ற கற்களை மேடம் சொன்னபடி வரிசையாக நட்டார்கள். யாருடைய இடம் எது என்று யாருக்கும் தெரியாது. "அடையாளம் எதுவும் விடல," என்றார் மேடம். "மண்ணையே ஆழமா வாரி வேற எங்கயோ கொட்டிட்டாங்க. நாம நடுறது வெறும் கல்லு."

டிரைவரின் மனைவி எறும்புக் கல்லைத் தரையில் வைக்கவில்லை. இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, ஒரு கையால் அணைத்தபடி, அந்தச் சரளை வெளி முழுக்க நடந்தாள். கிழக்கு ஓரம் எது என்று தேடினாள். நின்று பார்த்தாள், இல்லை என்று தலையாட்டினாள், மறுபடி நடந்தாள். வெயில் ஏறியது. கல்லின் கனத்தில் அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டாள். யாரும் போய் வாங்கிக்கொள்ளத் துணியவில்லை.

கடைசியில் ஓரிடத்தில் உட்கார்ந்தாள்.

"இங்கதான்னு வச்சுக்குவோம்," என்றாள்.

சமையல்கட்டுக்கு சிமெண்டுத் தரை வந்தது. வாடை போனது. நடந்தால் ஒரு சத்தம்தான். அவள் மெஷினைக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டாள். சில நாள் மத்தியானத்தில் புதுத்தரையில் காதை வைத்துப் படுத்திருப்பாள். எழுந்ததும் முகம் கழுவிக்கொள்வாள். வீட்டில் பேச்சு குறைந்தது. சண்டையும் இல்லை, சிரிப்பும் இல்லை.

கொஞ்ச நாள் கழித்து, பள்ளிக்கூடம் விடுகிற நேரத்து டிரிப்பில், டிரைவர் அந்த மைதானத்தைக் கடந்துகொண்டிருந்தார். நிறுத்தத்தில் யாரும் இல்லை. ஆனாலும் அவர் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. பெரிய கூட்டம் காத்து நின்றால் மிதிக்குமே, அப்படி.

"யாருமே இல்லயேண்ணே, எதுக்கு நிப்பாட்டினீங்க?" என்றார் கண்டக்டர்.

பஸ் படிப்பக்கம் சாய்ந்தது. அடியிலிருந்த ஸ்பிரிங்குகள் முனகின. மெல்ல, மெல்ல, வண்டி கீழே அழுந்தியது. பையைப் பக்கத்தில் வைத்திருந்த ஒரு பெண் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சன்னலோரம் நகர்ந்தாள். ஒரு பெரியவர் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. காலி இருக்கையைப் பார்த்தபடி நின்றார்.

டிரைவர் வண்டியை எடுத்தார். ஏற்றத்தில் இன்ஜின் திணறியது.

முகாமுக்குப் போகிற பாதை முனையில் மணி அடித்தது.

நிறுத்தினார். யாரும் இறங்கவில்லை. வண்டி கொஞ்சம் மேலே எழும்பியது. பள்ளிக்கூடத்து வாசலில் மணி. மறுபடி ஒரு எழும்பல்.

"நான் அடிக்கலண்ணே," என்றார் கண்டக்டர். "சத்தியமா நான் அடிக்கல."

போக வேறு இடம் இல்லாதவர்கள், கடைசியாக இருந்த இடத்துக்கே திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

தன் தெரு முனை நெருங்க நெருங்க டிரைவருக்குக் கண் மறைத்தது. மணி அடித்தது. ஒரே ஒரு தடவை, லேசாக, எட்டாத கை எட்டி இழுத்ததுபோல. அவர் நிறுத்தினார். வழக்கத்தைவிட அதிக நேரம் நிறுத்தினார். திரும்பிப் பார்க்கவில்லை. பயணிகள் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

இரவு வீட்டுக்குப் போனபோது இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று முடிவு செய்துகொண்டிருந்தார். அவள் மெஷினில் குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள். சமையல்கட்டு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"வந்துட்டீங்களா," என்றாள், தலையைத் தூக்காமலே. "இறங்குறதுக்குப் படி ரொம்ப உயரமா இருக்காம். நாளைக்கு இன்னும் கொஞ்சம் ஓரமா நிறுத்தச் சொல்றா."